சுவரை வைத்துத்தான் சித்திரம்

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. உடம்பைப் பேணாமல் இரவு பகலாக உழைப்பவனைப் பார்த்துப் பாட்டிமார்கள் இதைச் சொல்வது வழக்கம். உடம்பு என்னும் சுவர் விழுந்துவிட்டால் புகழ், பொருள் என்னும் சித்திரங்களை எங்கே எழுதுவது என்பது இதன் தாத்பரியம். ஆனால் இதை உவமையாகக் கொள்ளாமல், சொல்லுக்குச் சொல் உள்ளபடியே எடுத்துக்கொண்டு சிந்தித்தவர்கள் சிலரே. ஒரு சுவரில் சித்திரம் எழுதி ஆயிரம் வருஷம் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். எழுதிய கை மறைந்தது. எழுதுவித்த அரசன் மறைந்தான். அவன் அரண்மனை இருந்த இடமும் தெரியவில்லை. சித்திரம் மட்டும் இன்னும் இருக்கிறதென்றால் அதைக் காப்பாற்றியது யார்? இல்லாமற் போயிற்றென்றால் அதை அழித்தது யார்?

வெள்ளையடித்தவர்கள் என்றும், தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போனவர்கள் என்றும் விடை சொல்லலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களெல்லாம் ஒரு நாள் வந்து ஒரு நாள் போனவர்கள். இரவும் பகலும் அந்தச் சுவரின் அருகிலேயே இருந்துகொண்டு, வருஷம் தவறாமல் தன் காரியத்தைச் செய்து வருவது ஒன்று உண்டு. அந்தந்த ஊரின் காற்றும், வெயிலும், மழையுமே அது. பழைய சித்திரங்களைக் காக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, "இது யார் எழுதிய சித்திரம்?" என்பதன்று, "இந்தச் சுவரைச் சூழ்ந்துள்ள சீதோஷ்ணம் எத்தகையது?" என்பதே. இந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்த நல்ல காரியங்கள் சில எப்படிப் பொல்லாத காரியங்களாக முடிந்தன என்பதை அஜந்தாவின் கதை நமக்குத் தெரிவிக்கும்.

அடுக்களைச் சாஸ்திரம்

இந்த விஷயத்தை விளங்கிக்கொள்வதற்கு ரஸாயனக் கலாசாலைக்குப் போக வேண்டியதில்லை. அடுக்களைக்குப் போனால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தால் உப்புக் கசிந்து ஈரமாயிருக்கும். யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றிலுள்ள நீராவியை உப்புத் தானே இழுத்துக்கொண்டு கரைந்திருக்கிறது. மழை விட்டு வெயில் ஏறியதும் அது மீண்டும் இறுகி, விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மண்பாண்டத்தில் உப்பை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கண்டிருப்பார்கள். சில வருஷங்களில் பாண்டத்தின் வெளிப்புறம் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். உப்புநீர் மண்ணின் நுண்ணிய துளைகளுக்குள் புகுகிறது. உலரும்போது அங்கேயே கட்டியாகிறது. இடம் போதாமல் மண்ணை நெம்பித் தள்ளுகிறது. சுவரிலும் நடப்பது இதுதான். மண்ணிலும், கல்லிலும், சுண்ணாம்பிலும், வௌவால் எச்சத்திலும் பலவகை உப்புக்கள் இருக்கின்றன. ஈரம் அவற்றைக் கரைத்துச் சுவரின் மேற்புறத்துக்குக் கொண்டுவருகிறது. வறட்சி அவற்றைப் படிகமாக்குகிறது. வர்ணப் பூச்சின் அடியில் அந்தப் படிகம் விளைந்தால், வர்ணம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழவேண்டியதுதான்.

மழைக்காலத்தில் வாசற்கதவு ஊதி நிலையில் இறுகிக்கொள்வதையும், கோடையில் சுருங்கி இடுக்கு விடுவதையும் எல்லோரும் அறிவோம். களிமண் கலந்த பூச்சும் அப்படியே ஊதும், சுருங்கும். அதன்மேல் எழுதிய வர்ணமோ அந்த அளவுக்கு ஊதவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. ஒரே வண்டியில் பூட்டிய காளைகள் இரண்டு வெவ்வேறு வேகத்தில் நடந்தால் நுகத்தடி என்ன பாடுபடுமோ, அந்தப் பாடு சித்திரத்துக்கும் உண்டு.

இன்னும் ஒன்று. பனிக்கட்டி போட்ட நீரைப் பித்தளைச் செம்பில் ஊற்றி வைத்தால் செம்பின் வெளிப்புறம் வியர்க்கிறது. உஷ்ணமான காற்று எவ்வளவு நீராவியை ஏந்துமோ அவ்வளவைக் குளிர்ந்த காற்று ஏந்தாது. ஆகவே ஈரக்காற்றுக் குளிர்ந்த பொருளைத் தொட்டவுடன், தாங்க முடியாத நீரை அதன்மேல் இறக்கிவிடுகிறது. குகையின் பாறையும் கோயிலின் தடித்த சுவரும் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் நாட்களில் அவையும் இந்தச் செம்பைப் போலவே வியர்க்கும். வியர்த்த சுவரில் பூஞ்சக் காளான் படரும். வெளிச்சமும் இருந்தால் பாசி பிடிக்கும்.

இவற்றிலிருந்து ஒரு முக்கியமான உண்மை தெரிகிறது. ஓயாத வறட்சியைச் சித்திரம் பொறுத்துக்கொள்ளும். சிறிதளவான ஈரம் மாறாமல் இருந்தால் அதையும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஈரமும் வறட்சியும் மாறி மாறி வருவதைத்தான் அதனால் பொறுக்க முடிவதில்லை. ஒவ்வொரு மாறுதலும் ஒரு சிறு உளியடி.

வாகோரா நதிக்கரையில்

மகாராஷ்டிரத்தில், முன்பு அவுரங்காபாத் என்று வழங்கிய சத்ரபதி சம்பாஜி நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் அஜந்தா இருக்கிறது. வாகோரா என்னும் சிற்றாறு குதிரை லாடம்போல் வளைந்து ஓடுகிறது. அந்த வளைவை ஒட்டி நிற்கும் செங்குத்தான பாறையில் சுமார் 30 குகைகளைக் குடைந்திருக்கிறார்கள். மிகப் பழையவை கிறிஸ்து பிறப்பதற்கு முந்தியவை. புகழ்பெற்ற சித்திரங்களிற் பெரும்பாலானவை 5-ஆம் நூற்றாண்டில், வாகாடக அரசனான ஹரிஷேணன் காலத்தை ஒட்டி எழுதப்பட்டவை. 1, 2, 16, 17 எண்ணுள்ள குகைகளில் அவற்றை இன்றும் காணலாம். பாறை வளைந்திருப்பதால் எல்லாக் குகைகளும் ஒரே திசையை நோக்கவில்லை. ஒரு குகைக்குள் புகும் வெயில் இன்னொன்றுக்குள் புகுவதில்லை. ஒன்றில் அடிக்கும் சாரல் அடுத்ததில் அடிப்பதில்லை. மலை ஒன்றானாலும் ஒவ்வொரு குகைக்கும் அதனதன் சீதோஷ்ணம் உண்டு.

அந்தப் பாறை, எரிமலைக் குழம்பு உறைந்து கல்லான கரும்பாறை. குடைந்த சுவரைக் கரடுமுரடாகவே விட்டு, அதன்மேல் மண்ணும் மணலும் உமியும் புல்லும் நாரும் கலந்த சாந்தைப் பூசினார்கள். அதன்மேல் இன்னும் மெல்லிய மண்பூச்சு. அதற்கும் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. அது உலர்ந்த பிறகு பசை கலந்த வர்ணங்கள். காவி, மஞ்சட்காவி, பச்சைமண், விளக்குக் கரி ஆகியவையே முக்கியமான வர்ணங்கள். நீலத்துக்கு மட்டும் நீலக்கல் தூர தேசத்திலிருந்து வந்தது. நம் கிராமத்து வீட்டுச் சுவரை மெழுகுகிற மண்ணுக்கும், உலகமே வியக்கும் பத்மபாணியைத் தாங்கும் மண்ணுக்கும் பெரிய ஜாதி வித்தியாசம் ஒன்றும் இல்லை!

இத்தகைய சுவருக்கு அஜந்தாவின் சீதோஷ்ணம் எப்படி இருக்கிறது? சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரிக்கு மேல் உஷ்ணம்; காற்றில் ஈரமே இராது. ஆனி பிறந்ததும் தென்மேற்குப் பருவமழை. நான்கு மாதம் அருவி விழுகிறது, ஆறு புரண்டு ஓடுகிறது, பள்ளத்தாக்கு முழுவதும் ஈரம் நிறைகிறது. பாறையின் வெடிப்புக்கள் வழியாக மழைநீர் குகைக்குள் கசிகிறது. மண்பூச்சு ஊதுகிறது. அதிலுள்ள உமியையும் நாரையும் பூச்சிகள் தின்கின்றன. அவை தின்றுவிட்ட இடத்தில் பூச்சு உள்ளே பொள்ளலாகிறது. பிறகு பனிக்காலமும் கோடையும் வந்து எல்லாவற்றையும் உலர்த்துகின்றன. இப்படி ஆயிரத்தைந்நூறு மழைக்காலங்களுக்கு மேல் கடந்தும் அந்த மண்பூச்சு ஓரளவேனும் நிற்கிறதென்றால், பூசிய கைகளைக் கும்பிடத் தோன்றுகிறது அல்லவா?

பூச்சிகளைப் பற்றி ஒரு ருசிகரமான செய்தி. எல்லோராக் குகைகளின் மண்பூச்சில் கஞ்சாச் செடியின் நாரையும் இலைத்துணுக்குகளையும் கலந்திருக்கிறார்கள் என்று 2016-ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது. அஜந்தாப் பூச்சில் அது காணப்படவில்லை. எல்லோராவின் பூச்சு அஜந்தாவைப் போல் பூச்சிகளுக்கு இரையாகாமைக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளரின் கருத்து. பூச்சிக்கு எதைக் கலக்கவேண்டும் என்பதை எந்தப் புத்தகத்தையும் பார்த்து அந்தச் சாந்துக்காரன் கற்கவில்லை. ஊர் மழையையும் ஊர்ப் பூச்சியையும் பார்த்துக் கற்றான்.

பளபளப்பாக்கிய மெருகு

காட்டுக்குள் மறைந்து கிடந்த அஜந்தாவை 1819-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஜான் ஸ்மித் என்னும் ஆங்கிலேயப் பட்டாளத்து உத்தியோகஸ்தர் கண்டார். 10-ஆம் குகையில் தம் பெயரையும் பொறித்துவிட்டுப் போனார். பிறகு வந்தவர்களிற் சிலர் நல்ல முகங்களாகப் பார்த்துப் பெயர்த்தெடுக்க முயன்றார்கள், பெயர்த்தது தூளாயிற்று. சுவரில் இருந்தவரையில்தான் அது சித்திரம்.

அழிவதற்குள் பிரதி எடுத்து வைப்போம் என்று நல்லவர்கள் சிலர் எண்ணினார்கள். சென்னைப் பட்டாளத்தைச் சேர்ந்த ராபர்ட் கில் 1844 முதல் பல வருஷங்கள் அங்கேயே தங்கிப் பிரதி செய்தார். லண்டனுக்கு அனுப்பிய அந்தப் படங்களில் மிகப் பெரும்பாலானவை 1866-ல் பளிங்கு மாளிகையில் பற்றிய தீயில் எரிந்துபோயின. பம்பாய்ச் சித்திரக் கலாசாலைத் தலைவர் ஜான் கிரிபித்ஸ் தம் மாணாக்கர்களோடு 1872 முதல் மறுபடியும் பிரதி செய்தார். அவற்றிலும் பலவற்றை 1885-ல் லண்டன் மியூசியத்தில் நேர்ந்த தீ கொண்டுபோயிற்று. பத்திரமான ஊர் என்று எண்ணி அனுப்பிய பிரதிகள் எரிந்தன. ஆபத்தான மலையில் விட்டுவந்த மூலங்கள் நின்றன.

ஆனால் பிரதி எடுத்தவர்கள் மூலத்துக்கு ஒரு தீங்கைச் செய்துவிட்டார்கள். மங்கிய வர்ணம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று சுவரின்மேல் மெருகெண்ணெயைப் பூசினார்கள். பூசியவுடன் சித்திரம் ஈரத்தில் நனைந்த கூழாங்கல் போலப் பளபளத்தது.

அஜந்தா அக்காலத்தில் ஹைதராபாத் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. நிஜாம் அரசாங்கம் 1914-ல் தொல்பொருள் இலாகாவை ஏற்படுத்தி, குலாம் யஸ்தானி என்ற அறிஞரை அதற்குத் தலைவராக்கியது. 1920-ல் இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்னும் இரண்டு நிபுணர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்கள் விழ இருந்த பூச்சுக்களைச் சுவரோடு ஒட்டவைத்து, உடைந்த விளிம்புகளைக் கட்டி, அரிய சேவை செய்தார்கள். அதை மறப்பது நன்றியாகாது. ஆனால் அவர்களும் சித்திரத்தின்மேல் அரக்கு மெருகைப் பூசினார்கள். அக்காலத்து நிபுணர்கள் அதைப் பிழையென்று கருதவில்லை.

பிழை எங்கே இருந்தது? அரக்கில் அன்று, அந்தச் சுவருக்கு அரக்கைப் பூசியதில் இருந்தது. மழைக்காலத்தில் ஈரத்தை உள்வாங்கி, வெயிற்காலத்தில் வெளியிட்டு, மண்சுவர் ஒருவிதத்தில் மூச்சு விடுகிறது. மெருகு அந்த மூச்சை அடைத்துவிட்டது. வெளிவர வழியில்லாத ஈரம் வர்ணத்தின் அடியிலே தங்கிற்று. உப்பும் அங்கேயே விளைந்தது. நாளடைவில் மெருகு மஞ்சளாகிப் பழுப்பாகிப் புகையையும் தூசியையும் பிடித்துக்கொண்டது. இறுகிச் சுருங்கும்போது தன்னோடு வர்ணத்தையும் பெயர்த்துச் சுருட்டியது. பழைய அரக்கு எளிதில் கரைவதும் இல்லை. சில நாளில் பூசிய அந்த மெருகை அகற்றுவதற்கு இந்தியத் தொல்லியல் துறையின் ரஸாயன நிபுணர்கள் பல பத்தாண்டுகள் அங்குலம் அங்குலமாகப் பாடுபட வேண்டியிருந்தது.

நோயையும், அதன் காரணத்தையும், தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்த பிறகே வைத்தியம் செய்யவேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்திருக்கிறார். அஜந்தாவில் நோய் சித்திரத்தின் முகத்தில் தெரிந்தது. மருந்தையும் முகத்திலேயே தடவினார்கள். நோயின் காரணமோ மலைமேல் விழும் மழையிலும் குகைக்குள் மாறும் காற்றிலும் இருந்தது.

தஞ்சையில் நேர்ந்தது வேறு

இனி நம் நாட்டுக்கு வருவோம். அஜந்தாவுக்கு ஆனி முதல் மழைக்காலமென்றால், தஞ்சைக்கு ஐப்பசி முதல் மழைக்காலம். அங்கே மண்பூச்சு, இங்கே சுண்ணாம்புப் பூச்சு. அங்கே குடைந்த குகை. இங்கே கட்டிய கோயில்.

ராஜராஜ சோழன் எடுப்பித்து 1010-ல் நிறைவேற்றிய பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றி இரண்டு பெருஞ்சுவர்களுக்கு நடுவே குறுகலான, இருண்ட சுற்றுவழி ஒன்று இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931-ல் அங்கே சென்று பார்த்தார். சுவரில் நாயக்கர் காலத்துச் சித்திரங்கள் இருந்தன. சில இடங்களில் அந்தப் பூச்சு உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில், அடியிலிருந்து சோழர் காலத்துச் சித்திரம் எட்டிப் பார்த்தது! சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குச் செல்லும் காட்சி, திரிபுரம் எரித்த பெருமானின் கோலம் முதலியவை இவ்வாறு ஒன்பது நூற்றாண்டுக்குப் பிறகு வெளிச்சத்தைக் கண்டன. பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் நாயக்கர் பூச்சைச் சேதமின்றிப் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்து, இரண்டு காலத்துச் சித்திரங்களையும் பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

இவை இவ்வளவு காலம் நின்றதற்குக் காரணங்கள் உண்டு. சென்னை மியூசியத்தின் ரஸாயன நிபுணர் எஸ். பரமசிவன் 1930-களில் இவற்றை ஆராய்ந்து, சோழச் சித்திரங்கள் ஈரச் சுண்ணாம்பின்மேல் எழுதப்பட்டவை என்று கண்டார். நீற்றிய சுண்ணாம்பு உலரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. அப்பொழுது வர்ணத்தையும் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. அது சுவரின்மேல் ஒட்டிய வர்ணம் அல்ல; சுவராகவே ஆகிவிட்ட வர்ணம். இது முதற்காரணம்.

இரண்டாவது காரணம் அந்தச் சுற்றுவழியே. வெயில் புகாத இடம். சாரல் அடிக்காத இடம். தடித்த கருங்கற் சுவர்கள் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வதால், வெளியே நிகழும் மாறுதல்களிற் பாதிகூட உள்ளே எட்டுவதில்லை. நாயக்கர் காலத்துப் பூச்சும் ஒரு போர்வைபோல் மூடி, புகையையும் கையையும் தடுத்தது. சோழச் சித்திரத்தை மறைத்த அதுவே அதைக் காத்தும் தந்தது.

காஞ்சியும் சித்தன்னவாசலும்

காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயில் ராஜசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அங்கே பிராகாரத்தைச் சுற்றிலும் சிறு சிறு கோயில்களாக வரிசையாக அமைந்திருக்கின்றன. அவற்றிலும் ஒரு காலத்தில் சித்திரங்கள் நிறைந்திருந்தன என்பதை ழூவோ துப்ராய் என்னும் பிரெஞ்சு அறிஞர் எடுத்துக் காட்டினார். இன்று எஞ்சியிருப்பவை துண்டு துணுக்குகளே: ஒரு முகத்தில் பாதி, ஒரு கையின் கோடு, சிறிது சிவப்பு, சிறிது மஞ்சள். அந்த மாடங்கள் திறந்த முற்றத்தை நோக்குகின்றன. மழைச்சாரலும் வெயிலும் நேராக உள்ளே வருகின்றன. மேலும் அது மென்மையான மணற்கல்; நீரை எளிதில் உறிஞ்சும், எளிதில் உதிரும். காஞ்சிக்கும் தஞ்சைக்கும் வானத்திலிருந்து பெய்கிற மழை ஒன்றுதான். ஆனால் சித்திரத்துக்கு வானிலை என்பது ஜில்லாவின் வானிலை அன்று. தன் முகத்துக்கு முன்னால் இரண்டு முழத்துக்குள் இருக்கும் காற்றின் நிலையே அதற்கு வானிலை.

புதுக்கோட்டைக்கு அருகில் உள்ள சித்தன்னவாசல் இதற்கு மூன்றாவது உதாரணம். அது மழை குறைந்த, வெயில் மிகுந்த பிரதேசம். குன்றின் மேற்குச் சரிவில் குடைந்த சமணக் குகைக் கோயிலின் விதானத்தில், தாமரைத் தடாகம் ஒன்றைப் பாண்டியர் காலத்துச் சித்திரக்காரன் எழுதி வைத்திருக்கிறான். மலர்ந்த தாமரை, மொட்டு, மீன், அன்னம், யானை, பூக்கொய்யும் இளைஞர்கள் எல்லாம் அதில் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டுச் சொல்கிறது. தண்ணீரே அரிதான ஊரில் வற்றாத தடாகம் அது ஒன்றுதான்!

வறண்ட காற்று அதற்குப் பெரும்பாலும் நண்பனாகவே இருந்தது. ஆயினும் சுண்ணாம்புப் பூச்சு மிக மெல்லியது. மேற்குச் சரிவாகையால் மாலை வெயிலுக்கு முகம் காட்டும் இடம். அதனோடு, ஒதுங்க வந்தவர்கள் மூட்டிய தீயின் புகையும் சேர்ந்துகொண்டது. கைக்கு எட்டிய சுவரிலும் தூணிலும் இருந்தவை பெரும்பாலும் போய், எட்டாத விதானத்தில் இருந்தவையே அதிகம் தப்பின. 20-ஆம் நூற்றாண்டில், குடுமியான்மலையிலிருந்து பழைய தூண்களைக் கொண்டுவந்து குகைக்கு முன்னால் ஒரு மண்டபம் கட்டினார்கள். சித்திரத்தின்மேல் ஒரு துளி மருந்தும் பூசாமல், வெயிலுக்கும் சாரலுக்கும் குடை பிடித்தது அந்த மண்டபம். சித்திர ரக்ஷணை என்பது சில சமயம் இவ்வளவு சாதாரணமான காரியம்தான்.

நம்முடைய மூச்சு

வெயிலும் மழையும் பகை என்று சொல்லிவிட்டு, நாம் மட்டும் தப்பித்துக்கொள்ள முடியாது. சித்திரத்தைப் பார்க்க உள்ளே நுழைந்த நிமிஷத்தில் நாமும் அந்த இடத்தின் சீதோஷ்ணத்தில் ஒரு பாகமாகிவிடுகிறோம். சும்மா நிற்கிற ஒரு மனிதனின் மூச்சிலும் வியர்வையிலுமாக மணிக்குச் சுமார் 50 கிராம் நீர் காற்றில் கலக்கிறது. அவன் உடம்பு 100 வாட் மின்விளக்கைப் போல் உஷ்ணத்தையும் வெளியிடுகிறது. 40 பேர் ஒரு குகையில் கால்மணி நேரம் நின்றால் அரை லிட்டர் தண்ணீரை அங்கே ஆவியாக விட்டுவிட்டு வருகிறார்கள் என்று கணக்காகிறது. கையில் ஒரு செம்பு நீரோடு வந்து சுவரில் தெளிக்கிறவனைக் கண்டால் நாம் அவனைச் சும்மா விடுவோமா?

பிரான்ஸ் தேசத்தில் லாஸ்கோ என்னும் குகையில், சுமார் 17,000 வருஷங்களுக்கு முன் ஆதிமனிதன் எழுதிய எருதுகளும் குதிரைகளும் இருக்கின்றன. 1940-ல் அந்தக் குகையைக் கண்டுபிடித்தார்கள். 1948-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் மூச்சாலும், உஷ்ணத்தாலும், விளக்கொளியாலும் சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. 1963-ல் குகையை மூடிவிட்டார்கள். இப்பொழுது ஜனங்கள் பார்ப்பது அருகில் கட்டிய பிரதிக் குகையைத்தான். பதினேழாயிரம் வருஷம் காத்திருந்த சித்திரம், நாம் பதினைந்து வருஷம் பார்த்ததைத் தாங்கவில்லை.

அஜந்தாவில் இப்பொழுது சித்திரக் குகைகளுக்குள் ஒரே சமயத்தில் சிலரை மட்டுமே விடுகிறார்கள். மோட்டார் வண்டிகளைச் சில கிலோமீட்டருக்கு அப்பாலேயே நிறுத்திவிடுகிறார்கள். தஞ்சைச் சுற்றுவழி பொதுமக்களுக்குத் திறந்து விடப்படுவதில்லை. "இவ்வளவு தூரம் வந்தும் பார்க்க விடவில்லையே!" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, அளந்து பார்ப்பது. ஒரு சித்திரத்துக்குச் சிகிச்சை தொடங்குமுன், அந்தச் சுவரருகே உஷ்ணமும் ஈரமும் எப்படி மாறுகின்றன என்பதை எல்லாப் பருவங்களையும் உட்படுத்தி ஒரு வருஷமாவது குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஏற்ற சிறு கருவிகள் இக்காலத்தில் மலிவாகவே கிடைக்கின்றன. இல்லாதது பொறுமைதான்.

இரண்டாவது, வைத்தியத்தைக் கூரையிலிருந்து தொடங்குவது. மேல்தளத்தின் வெடிப்பு, அடைபட்ட தூம்புவாய், விமானத்தில் முளைத்த அரசங்கன்று, மதிலோரம் தேங்கும் நீர் ஆகியவற்றைச் சரிசெய்தால் சித்திரத்தின் நோயில் பெரும்பகுதி தானே தணியும். அண்மைக் காலத்தில் இது இன்னும் அவசரமாகிவிட்டது. மத்திய இந்தியாவில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் பெருமழைகள் கடந்த பல பத்தாண்டுகளில் அதிகரித்திருப்பதாக வானிலை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். பழைய மழைக்கென்று அமைத்த வடிகால்கள் புதிய மழையைத் தாங்குமா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

மூன்றாவது, சுவரின் மூச்சை அடைக்காதிருப்பது. திருப்பணி என்றால் சிமிண்டுப் பூச்சும், பளபளக்கும் எண்ணெய் வர்ணமும் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அவர்கள் பக்தியை யாரும் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமிண்டைப் பூசினால் ஈரம் வெளிவர வழியில்லாமல் பழைய பூச்சுக்குள் ஒதுங்கும். சிமிண்டிலுள்ள உப்பும் அதனோடு சேரும். அஜந்தாவில் அரக்குச் செய்த காரியத்தை நம் ஊர் மண்டபத்தில் சிமிண்டு செய்யும். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பு கொண்டு, பழகிய கொத்தரைக் கொண்டு பழுது பார்ப்பதே முறை.

இவையெல்லாம் சர்க்காரும் தேவஸ்தானத்தாரும் செய்யவேண்டியவை. நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பெயர் தெரியாத பழைய சித்திரங்கள் நம் ஊர்க் கோயில்களின் விதானங்களிலும், மடங்களின் சுவர்களிலும் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அடுத்த தடவை அப்படிப்பட்ட மண்டபத்துக்குக் குழந்தைகளோடு போகும்போது, சித்திரத்தின் அழகைக் காட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் அதன் ஓரங்களைக் காட்டுங்கள். ஈரக் கறை எங்கிருந்து இறங்குகிறது, வெள்ளைப் பூப்பு எங்கே பூத்திருக்கிறது, எந்த இடத்தில் பூச்சு ஊதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தொட வேண்டாம், துடைக்க வேண்டாம், நீர் தெளித்து வர்ணத்தைத் தூக்கிக்காட்ட வேண்டாம். கண்டதைத் தேதியோடு ஒரு காகிதத்தில் எழுதிக் கோயில் அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒழுகும் தளத்தை மழைக்கு முன்பே அடைத்துவிட்டால், அந்தச் சுவர் இன்னும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டும்.